பேரேடு

முதல் ஓலையில் தேதி இல்லை.
மழை பொய்த்த மூன்றாம் ஆடி என்று மட்டும் கீறியிருக்கிறேன்.
அண்ணனும் தம்பியும்
ஒரே பாளையத்துக்கு இரண்டு கொடி ஏற்றிய மாதம்.
குப்பத்துக்கு வடக்கே எங்கள் ஊர்களில்
அடுப்படி தமிழ் பேசும், தொழுவம் தெலுங்கு பேசும்,
மாடு இரண்டுக்கும் திரும்பும்.

தம்பி பக்கம் நின்றோம்.
ஏன் என்றால் ஆளுக்கொரு காரணம்.
எனக்கு,
கணக்கில் பிழை என்று என் அப்பாவை
அண்ணன் ஒரு பகல் வெயிலில் நிறுத்தியது.

சம்பளம் கிடையாது.
நாளுக்கு அரைப்படி கேழ்வரகு.
அதுவும் கடன் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.
நூற்றுப் பதினோரு பேர் வந்தார்கள்.
மஸ்தான் தப்பட்டையோடு வந்தான், ஒரு பக்கத் தோல் கிழிந்திருந்தது.
முனிவெங்கடன் இரண்டு பெயர் கொடுத்தான்,
இல்லாத தம்பிக்கும் சேர்த்துக் களி வாங்க.
தெரிந்தேதான் எழுதினேன்.
அவன் செத்தபோது
ஏட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

ஓபுலேசு கிணறு வெட்டுகிறவன்.
மூன்று வருஷமாக வெட்டிய எதிலும் தண்ணீர் இல்லை.
'கடப்பாரை ஒன்று, முனை மழுங்கியது'
என்று அவன் பெயருக்கு நேரே இருக்கிறது.

போர் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
மொகிலிக் கணவாயில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம்.
குண்டில் நாலு பேர் போனார்கள்,
குட்டைத் தண்ணீரில் பத்தொன்பது பேர்.
எதிர்ப்பக்கம் இருந்தவர்களும்
நம் சந்தையில் வெல்லம் வாங்கியவர்கள்தான்.
இருட்டில் இருமலை வைத்தே
இன்னார் என்று சொல்லிவிடலாம்.

அதனால்தான் அடையாளச் சொல் வேண்டும் என்றார்கள்.
எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்.
யோசிக்கக்கூட இல்லை.
'என்ன வரும்?' என்று காவல்காரன் கேட்பான்.
'மழை' என்று சொல்ல வேண்டும்.
அவர்கள் நாக்கில் அந்த எழுத்து நிற்காது என்றேன்.
எல்லோரும் மெச்சினார்கள்.
அன்று இரவு எனக்கு ஒரு கரண்டி களி கூடுதல்.

அவர்கள் நாக்கு.
எங்கள் படையில் பாதிப் பேருக்கு
அதே நாக்கு என்பது
எனக்குத் தெரியாதா?
ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு
எழுதியவன் நான்தானே.

பதிமூன்றாம் நாள் மூன்றாம் சாமம்.
வயிற்றுப்போக்குக்கு ஒதுங்கித் திரும்பிய ஓபுலேசு
கூச்சத்தோடு சொன்னான்:
மளெ.
காவலில் வேடியப்பன்.
ஒரே சட்டியில் தின்றவன்.
இன்னொரு முறை சொல் என்று கேட்டானாம்.
அவனும் இன்னொரு முறை
மளெ என்றானாம்.

'எதிரியால்' என்று எழுதினேன்.
வேடியப்பன் ஈட்டியை என் காலடியில் வைத்துவிட்டு
கணவாயில் இறங்கிப் போனான்.
எந்தப் பக்கம் என்று ஏட்டில் இல்லை.

கார்த்திகையில் அவர்களுடைய தாய் செத்தாள்.
பதினாறாம் நாள் சாப்பாட்டில்
அண்ணன் தம்பிக்கு நெய் ஊற்றினான்.
தைக்குள் கொடி ஒன்றாயிற்று.
மாசியில் ஆள் வந்து ஏட்டைக் கேட்டான்,
அரைப்படி அரைப்படியாக வசூலிக்க.
செத்தவர்கள் பெயரை விட்டுவிட்டுப்
பிரதி எடுத்துக் கொடுத்தேன்.
என் வீரம் அவ்வளவுதான்.

சுங்குலம்மா வந்தது அதற்கும் பிறகு.
கடப்பாரையைக் கேட்டாள்.
கொடுத்தேன்.
முனையைத் தடவிப் பார்த்தாள்.
போகாமல் நின்றாள்.

'எந்தப் பக்கம் உளுந்தான், சாமி?'

கை தூக்கிக் காட்டினேன்.
கெளக்கால, என்றேன்.
பாட்டம் பாட்டமாகப் படித்த என் நாக்கிலிருந்து
அப்படித்தான் வந்தது.
அவள் தலையாட்டி,
கடப்பாரையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு
நடந்தாள்.
கிணறு வெட்ட அவளுக்குத் தெரியுமா என்று
கேட்கத் தோன்றவில்லை.